வாத்தின் முதுகில் ஒருவர்தான் போகலாம்

"இக்கதையிலிருந்து நாம் அறியும் நீதி யாது?" ஆரம்பப் பிரிவுச் செயலட்டைகளில் கதை முடிந்த கையோடு இந்தக் கேள்வி வரும். அதன் கீழே ஒரு புள்ளிக்கோடு. கோடும் ஒன்று, விடையும் ஒன்று. கதையில் நரி வந்தால் "ஏமாற்றக் கூடாது", ஆடு மேய்க்கும் பையன் வந்தால் "பொய் சொல்லக் கூடாது", பொன்முட்டை வந்தால் "பேராசை பெருநட்டம்". மூன்றாம் ஆண்டுப் பிள்ளை படத்தை மட்டும் பார்த்துவிட்டே அந்தக் கோட்டை நிரப்பிவிடும். ரீச்சரும் சரி போட்டுவிடுவார். கதை எங்கே போனது என்று யாரும் தேடுவதில்லை. பிள்ளைகளுக்குக் கதை சொல்வதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தப் புள்ளிக்கோடுதான் உறுத்துகிறது.

கதைக்கு வால் கட்டும் பழக்கம் பழையதுதான். பிரான்சில் சார்ல்ஸ் பெரோ 1697இல் வெளியிட்ட தொகுப்பில் ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு நீதிப்பாட்டு உண்டு. அவருடைய சிவப்புத் தொப்பிச் சிறுமியை ஓநாய் தின்றுவிடும், அத்தோடு கதை சரி. வயிற்றைக் கிழித்து அவளைக் காப்பாற்றும் வேட்டைக்காரன் வருவது ஜெர்மனியின் கிரிம் சகோதரர்களின் தொகுப்பில். பெரோவின் நீதிப்பாட்டு பேசுவது இனிக்க இனிக்கப் பேசும் ஆண்களைப் பற்றி. அரண்மனைப் பெண்களுக்குச் சொன்ன எச்சரிக்கையை நாலு வயதுப் பிள்ளைக்கு "அம்மா சொல் கேட்க வேண்டும்" என்று சுருக்கித் தருகிறோம். நம் பக்கத்துப் பஞ்சதந்திரமும் அப்படித்தான். மூன்று மக்கு இளவரசர்களை ஆறு மாதத்தில் தேற்றுவதற்காக விஷ்ணுசர்மன் சொன்னவை அவை. அங்கே நீதி என்பது அரசனுக்கு வேண்டிய சூட்சுமம். முதல் தந்திரத்தின் முடிவில், சிங்கத்துக்கும் எருதுக்கும் மூட்டிவிட்ட நரிதான் மந்திரியாக உட்காரும். அந்தக் கதைக்குப் புள்ளிக்கோட்டில் என்ன எழுதுவது?

நீதியைக் கடைசி வரியில் சொன்னால் பிள்ளைக்கு ஏறும் என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். உளவியலாளர் காங் லீயும் அவருடன் வேலை செய்தவர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுடன் ஒரு விளையாட்டு வைத்தார்கள். பிள்ளைக்கு முதுகுப் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் இருக்கும். சத்தத்தைக் கேட்டு அது என்னவென்று சொல்ல வேண்டும். நடுவில் பெரியவர் "திரும்பிப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டு வெளியே போவார். அநேகம் பிள்ளைகள் பார்த்துவிடும். திரும்பி வந்து ஒரு கதை வாசிப்பார், பிறகு "பார்த்தாயா?" என்று கேட்பார். பொய் சொன்னால் மூக்கு நீளும் பினாக்கியோ கதையைக் கேட்ட பிள்ளைகளும், ஓநாய் வருது என்று கத்திய பையனின் கதையைக் கேட்ட பிள்ளைகளும், பொய், உண்மை பற்றி ஒன்றும் சொல்லாத ஆமை முயல் கதையைக் கேட்ட பிள்ளைகளைப் போலவே பொய் சொன்னார்கள். செரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையை ஒப்புக்கொண்டு தகப்பனிடம் பாராட்டு வாங்கிய, பின்னாளில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியான வாஷிங்டன் கதைதான் வேலை செய்தது. அதே கதையைத் தண்டனையில் முடியும்படி மாற்றியபோது அந்தப் பலனும் போய்விட்டது. இதில் ஒரு வேடிக்கை: அந்தச் செரி மரக் கதை, வாழ்க்கை வரலாறு எழுதிய ஒருவர் கட்டிவிட்ட கதை. கட்டுக்கதையைக் கேட்டுத்தான் பிள்ளைகள் உண்மை சொல்லியிருக்கிறார்கள்.

இதை வைத்து "தண்டனைக் கதை வேண்டாம், பாராட்டுக் கதை போதும்" என்று சட்டம் போட நான் வரவில்லை. அறைக்குள் பத்து நிமிடம் நடந்ததை வைத்து ஒரு பிள்ளையின் வாழ்நாளை அளக்க முடியாது. ஆனால் மிரட்டும் கதையில் பிள்ளை கற்றுக்கொள்வது பிடிபட்டால் என்ன நடக்கும் என்பதைத்தான். உண்மை சொல்வது எப்படி இருக்கும், அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று அந்தக் கதை காட்டுவதே இல்லை.

வயதும் ஒரு கணக்கு. பிள்ளைகளின் யோசனையை ஆராய்ந்த பியாஜே 1932இல் எழுதிய நூலில் இரண்டு பையன்கள் வருவார்கள். ஒருவன் கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்த தட்டம் விழுந்து, தெரியாமலே பதினைந்து கோப்பைகளை உடைக்கிறான். மற்றவன் அம்மா இல்லாத நேரத்தில் ஜாம் எடுக்க ஏறி ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் கூடுதல் பிழை செய்தவன்? சின்னப் பிள்ளைகள் பதினைந்து உடைத்தவனைக் காட்டும். மனதில் என்ன இருந்தது என்று பார்க்கும் பழக்கம் பிறகுதான் வருகிறது. ஆகவே ஐந்து வயதுப் பிள்ளையிடம் "சூனியக்காரி ஏன் கெட்டவள்?" என்று கேட்டால் "பல்லு பெரிசு" என்று விடை வரும். அதில் பிழையே இல்லை, அந்த வயதின் கணக்கு அது. எங்கள் வேலை கதையை நன்றாகச் சொல்வது. கணக்கைத் திருத்தும் வேலை பிள்ளை வளர வளரத் தானாக நடக்கும்.

யானை வருது

கதையை ஊருக்கு மாற்றும்போது வரும் சிக்கல் ஒன்று. ஓநாயையும் புலியையும் விட்டுவிட்டு "யானை வருது" என்று சொன்னால் மட்டக்களப்பின் வெல்லாவெளிப் பக்கத்துப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். இரவில் யானை வெடிச் சத்தத்தில் எழும்பிய பிள்ளை அது. ஆனால் அதே கதையின் முடிவு, "சும்மா கத்தினால் பிறகு ஒருத்தரும் வரமாட்டார்கள்" என்பது, அந்த ஊருக்குக் கூடாத பாடம். யானை நடமாடும் இடத்தில் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தாலே கத்த வேண்டும். பத்துத் தடவை பிழையாகக் கத்தினாலும் பதினோராம் தடவை பெரியவர்கள் ஓடி வர வேண்டும். அந்தக் கதையை அங்கே சொல்வதென்றால் பாரத்தைப் பெரியவர்கள் மேல் போட்டுத்தான் சொல்ல வேண்டும்: வராமல் இருந்தது யார்? பையன் விளையாட்டுக்குக் கத்தினான் என்று முடிவு கட்டி வீட்டில் இருந்தது யார்? பெயரை மாற்றினால் கதை ஊருக்கு வந்துவிடும் என்று நினைக்கிறோம். பெயரோடு வேறொன்றும் சேர்ந்து வருகிறது.

சின்னம்மா என்ற சொல்

இதன் பெரிய உதாரணம் அண்ணன் ஹான்சல், தங்கச்சி கிரேட்டல் கதை. பஞ்சம் வருகிறது, வீட்டில் சாப்பாடு இல்லை. தாய் தகப்பனை வற்புறுத்தி இரண்டு பிள்ளைகளையும் காட்டில் விடச் செய்கிறாள். முதல் தடவை பையன் வெள்ளைக் கூழாங்கற்களைப் போட்டுக்கொண்டே போய், நிலா வெளிச்சத்தில் வழி பிடித்துத் திரும்பி வருகிறான். இரண்டாம் தடவை கல் பொறுக்க முடியாமல் கதவு பூட்டிக் கிடக்கிறது. பாண் துண்டைப் பிய்த்துப் போடுகிறான், குருவிகள் தின்றுவிடுகின்றன. பிறகு பாணால் கட்டிய வீடு, சீனியால் செய்த ஜன்னல், பிள்ளைகளைத் தின்னப் பார்க்கும் சூனியக்காரி, பாண் சுடும் போறணை.

கிரிம் சகோதரர்களின் 1812ஆம் ஆண்டு முதல் பதிப்பில் பிள்ளைகளை விடச் சொல்வது பெற்ற தாய். 1840இல் வந்த நாலாம் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிறாள். வெண்பனிச் சிறுமியைக் கொல்லச் சொல்லும் ராணியும் முதலில் பெற்ற தாய்தான், 1819இல் மாற்றினார்கள். பெற்றவள் இப்படிச் செய்வாளா என்று வாசகர் மனம் நோகாமல் இருக்கச் செய்த மாற்றம் இது என்பார்கள். ஜெர்மன் மொழியில் அதற்கென்று தனிச்சொல் இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது.

மட்டக்களப்பில் அது முடியாது. "மாற்றாந்தாய்" என்பது புத்தகத்துச் சொல், ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. "அதென்ன ரீச்சர்?" என்று கேட்கும். ரீச்சருக்குக் கையில் கிடைக்கும் சொல் "சின்னம்மா". தகப்பன் இரண்டாவது கல்யாணம் முடித்து வருபவளும் சின்னம்மாதான், தாயின் தங்கச்சியும் சின்னம்மாதான். முஸ்லிம் வீடுகளில் என்றால் சாச்சி. சொல்லோடு ஊரின் அமைப்பையும் சேர்த்துப் பாருங்கள். எங்கள் பகுதியில் வீடு வளவு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். கல்யாணம் முடித்தவன் மனைவியின் ஊருக்கு வருவான். குடி என்னும் வம்சப் பிரிவு தாய்வழியில் வரும். அக்காவின் வீட்டுக்குப் பக்கத்து வளவில் தங்கச்சியின் வீடு, பின்னால் அம்மம்மாவின் வீடு. தாய் வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போய்விட்டால் பிள்ளைக்குத் தலை வாரி, சோறு தீத்தி, முன்பள்ளிக்குக் கூட்டிவருவது அநேகமாக அந்தச் சின்னம்மாதான்.

இப்போது அந்தப் பிள்ளை பாயில் இருந்து கதை கேட்கிறது. அம்மா இல்லை. சின்னம்மா சாப்பாடு போதாது என்று சொல்கிறாள். சின்னம்மா காட்டில் கொண்டுபோய் விடச் சொல்கிறாள். கதை முடிந்து பதினொன்றரைக்கு வாசலில் சின்னம்மா வந்து நிற்கிறாள், பிள்ளை கையைப் பிடிக்கத் தயங்குகிறது. புள்ளிக்கோட்டில் எந்த நீதியை எழுதினாலும் அன்று அந்தப் பிள்ளை கற்ற நீதி அதுதான். கதை சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஒரு சொல்லை மட்டும்தான் பெயர்த்தார்.

அப்படியானால் என்ன சொல்வது? முதல் பதிப்பின்படி "அம்மா" என்று சொல்லலாமா? அது தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு இன்னும் ஆழமாகக் குத்தும். "அம்மா என்னை விட்டுட்டுத்தானே போனா" என்று அந்தப் பிள்ளை ஏற்கெனவே ஒரு கதை வைத்திருக்கும். நான் சரி என்று நினைப்பது இதை: உறவுப் பெயரையே எடுத்துவிடுவது. "ஒரு வீட்டில் ரெண்டு பிள்ளைகள் இருந்தாங்க. மழை இல்ல, வெள்ளாமை இல்ல. வீட்டுப் பெரியாக்கள் இரவில கூடிப் பேசினாங்க. பிள்ளைகள் நித்திரை இல்லாமப் படுத்துக் கேட்டுக்கிட்டிருந்தாங்க." இவ்வளவு போதும். பழி ஒரு பெண் மேல் குவியாமல் பஞ்சத்தின் மேலும் பெரியவர்கள் மேலும் பரவும். பிள்ளை யாரைச் சந்தேகிப்பது என்று தேடாமல் படுக்கையில் விழித்திருக்கும் இருவரோடு போய்ப் படுத்துக்கொள்ளும். கதை எந்த இடத்தில் நின்று கேட்கப்படுகிறது என்பது இங்கேதான் தீர்மானமாகிறது. கடைசி வரிக்கு முன்னால், முதல் மூன்று வசனத்துக்குள். சிவப்புத் தொப்பியோ, வெண்பனியோ, எந்தக் கதையை எடுத்தாலும் முதலில் உறவுப் பெயர்களின் கீழே கோடு போட்டு, கேட்க இருக்கும் பிள்ளைகளின் வீடுகளோடு வைத்துப் பாருங்கள்.

நெருப்பும் குளிர்த்தியும்

போறணையை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. கிரேட்டல் சூனியக்காரியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். பல பாலர் புத்தகங்களில் சூனியக்காரி "ஓடிப்போனாள்". ஓடிப்போனவள் இரவில் திரும்பி வரக்கூடியவள். பிள்ளையின் பயம் அதனால் கூடும். நான் போறணையை வைத்துக்கொள்ளும் பக்கம். ஒரே ஒரு வசனத்தில்: "தள்ளினா, கதவைச் சாத்தினா, முடிஞ்சுது." கத்தியது, எரிந்தது, மணம் வந்தது ஒன்றும் வேண்டாம். குரலை ஏற்றவும் வேண்டாம்.

பயங்கரமான கதை பிள்ளைக்கு ஆகாது என்று சொல்பவர்கள் வைகாசியில் காரைதீவுக்கோ தம்பிலுவிலுக்கோ செட்டிபாளையத்துக்கோ போய் நிற்கட்டும். கண்ணகி அம்மன் சடங்கில் கண்ணகியின் கதையைச் சொல்லும் வழக்குரை படிக்கப்படும். பிழையாகத் தீர்ப்புச் சொன்ன அரசன், உடைபட்ட சிலம்பு, எரிந்த மதுரை. பிள்ளைகள் தாயின் மடியில் தூங்கியும் விழித்தும் கேட்கும். ஆனால் அந்தச் சடங்கு மதுரை எரிவதோடு முடிவதில்லை. குளிர்த்தி பாடி, அம்மனின் கோபத்தைத் தணித்த பிறகுதான் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். எங்கள் முன்னோர் கதைசொல்லலைப் பற்றி வைத்திருந்த அறிவு இது: நெருப்பைச் சொல்லலாம், குளிர்த்தி பாடாமல் ஆட்களை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. முன்பள்ளியில் நடப்பது இதற்கு நேர்மாறு. நேரம் போய்விடும், போறணையோடு "சரி பிள்ளைகள், கெட்டது செய்தா இப்படித்தான்" என்று முடித்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை எடுக்கச் சொல்வார்கள்.

நேரத்தைத் திட்டமிட்டால் இது நடக்காது. நாலு, ஐந்து வயதுக்குக் கதை எட்டு நிமிடம். அதில் போறணைக்குப் பிறகான பகுதிக்குக் குறைந்தது இரண்டு நிமிடம். பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம், அரைவட்டமாகப் பாயில். வெளிச்சம் சொல்பவரின் முகத்தில் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகி, நல்ல கதையும் பேய்க்கதை ஆகும். படப்புத்தகம் முதல் நாள் வேண்டாம். காட்டினால் பிள்ளையின் காடு போய்ப் புத்தகத்தின் காடு வந்துவிடும். பழைய வழக்கப்படி பிள்ளைகளை "ம்" கொட்டச் சொல்லுங்கள். அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. "ம்" ஒரே தாளத்தில் வந்தால் பிள்ளை பழக்கத்தில் கொட்டுகிறது. நின்றுபோனால் ஒன்று நித்திரை, இல்லையென்றால் கதைக்குள் முழுதாகப் போய்விட்டது. கண்ணைப் பார்த்தால் எது என்று தெரியும்.

முதல் நாள் கேள்வியே கேட்காதீர்கள். கதை முடிந்ததும் மனதுக்குள் இருபது வரை எண்ணிக்கொண்டு சும்மா இருங்கள். பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம், ஆறாவது எண்ணிலேயே வாய் திறந்துவிடும். பிள்ளைகளின் கேள்வி பெரும்பாலும் பன்னிரண்டுக்குப் பிறகுதான் வரும். அடுத்த நாள் அதே கதை, அதே சொற்கள். ஒரு சொல் மாறினாலும் பிள்ளைகள் பிடிப்பார்கள். இந்தத் தடவை ஒரேயொரு இடத்தில் நிறுத்துங்கள். நிறுத்தும் வித்தையை விக்கிரமாதித்தனின் தோளில் தொங்கிய வேதாளத்திடம் கற்கலாம். அது எந்தக் கதைக்கும் நீதி சொன்னதில்லை. "இதில் யார் செய்தது சரி?" என்று கேட்டுவிட்டு, தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்று அரசனையே யோசிக்க வைத்தது. பிள்ளையின் தலை வெடிக்க வேண்டாம். ஆனால் கேள்வி வேதாளத்தின் கேள்வியாக, கேட்பவருக்கே விடை உறுதியாகத் தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும். "சூனியக்காரி நல்லவளா கெட்டவளா?" என்பது கேள்வியே இல்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளிடம் "சூனியக்காரியின் வீட்டிலிருந்த முத்தையும் கல்லையும் எடுத்து வந்தார்களே, அது களவா?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் போதாது.

தண்ணீரைக் கடப்பது

சின்னவர்களுக்கு நிறுத்த வேண்டிய இடம் வேறு. அநேகம் சுருக்கங்களில் அது வெட்டப்பட்டிருக்கும். கிரிம்மின் 1857ஆம் ஆண்டுக் கடைசிப் பதிப்பில், வீடு திரும்பும் வழியில் ஒரு பெரிய தண்ணீர் குறுக்கிடுகிறது. பாலமும் இல்லை, படகும் இல்லை. ஒரு வெள்ளை வாத்து நீந்தி வருகிறது. கூப்பிட்டதும் பக்கத்தில் வருகிறது. ஹான்சல் ஏறி உட்கார்ந்து தங்கச்சியையும் ஏறச் சொல்கிறான். அவள் மாட்டேன் என்கிறாள். இரண்டு பேர் ஏறினால் வாத்துக்குப் பாரம், ஒவ்வொருவராகப் போவோம் என்கிறாள்.

போறணை போலக் காட்சி கிடையாது இதில். சாவிலிருந்து தப்பி, வீட்டுக்குப் போகும் அவதியில் இருக்கும் பிள்ளை, ஒரு வாத்தின் முதுகைப் பற்றி யோசிக்கிறாள். நெருப்பிலிருந்து தண்ணீருக்கு வந்தாயிற்று, குளிர்த்தி தொடங்கிவிட்டது. கதை அவளைப் பாராட்டுவதும் இல்லை. வாத்து அப்படியே இருவரையும் கடத்திவிடுகிறது, அவர்கள் நடக்கிறார்கள். இந்தக் கதைக்கு நீதி எழுதியவர்கள் "அந்நியர் தரும் தின்பண்டத்தை உண்ணக் கூடாது" என்று எழுதிப் போய்விட்டார்கள், வாத்தைப் பார்க்காமலே.

எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மட்டக்களப்பு வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும்வரை அந்தத் துறையில் பாதையில்தான் சனம் கடந்தது. பாதை என்றால் எங்கள் ஊரில் தெரு மட்டும் இல்லை, வாவியைக் கடக்கும் மிதவையும் பாதைதான். குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையில் கடந்த குடும்பங்களில், இதற்கு மேல் ஆள் ஏற்றினால் என்ன ஆகும் என்பது பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனவே இரண்டாம் நாள் இங்கே நிறுத்துங்கள். "ஹான்சல் ஏறிட்டான். தங்கச்சியையும் கூப்பிடுறான். ஏறலாமா மனே?" கொஞ்சம் பேர் ஏறலாம் என்பார்கள். யாராவது ஒரு பிள்ளை "தாண்டிரும்", மூழ்கிவிடும் என்று சொல்லும். இன்னொரு பிள்ளை வாத்துக்கு நோகும் என்று சொல்லும். இரண்டும் வேறு வேறு விடைகள். முதலாவது தன்னைப் பற்றிய பயம், மற்றது வாத்தைப் பற்றியது. எது நல்ல விடை என்று நீங்கள் சொல்லிக் காட்டாதீர்கள்.

மூன்றாம் நாள் விளையாட்டு. பழைய நீலச் சீலை ஒன்றைத் தரையில் நீளமாக விரித்தால் வாவி. ஒரு பக்கம் காடு, மற்றப் பக்கம் வீடு. ஒரு பிள்ளை வாத்து. தோளில் கை வைத்து ஒருவர் மட்டும் கூடப் போகலாம், வாத்து தனியாகத் திரும்பி வந்து அடுத்தவரை எடுக்கும். பத்துப் பிள்ளைகள் கடக்கப் பத்து நிமிடமாவது ஆகும், அவசரப்படுத்த வேண்டாம். தொடங்கியதும் எல்லோருக்கும் வாத்தாக வேண்டும். மூன்று கடவைக்கு ஒரு தடவை வாத்தை மாற்றினால் அந்தச் சண்டை அடங்கும். அடுத்த சண்டைதான் பெரியது: முதலில் போவது யார்? கிரேட்டல் ஒவ்வொருவராக என்று சொன்னாளே தவிர, யார் முதலில் என்று சொல்லவில்லை. முதலில் போகிறவர் அந்தக் கரையில் தனியாக நிற்க வேண்டும். பிந்திப் போகிறவர் சூனியக்காரியின் காட்டுப் பக்கம் தனியாக நிற்க வேண்டும். சின்னப் பிள்ளை முதலில் போகட்டும் என்று ஒருத்தி சொல்வாள். அங்கே போய் அழுதால் யார் பார்ப்பது, பெரிய ஆள் ஒருவர் முதலில் போகட்டும் என்று இன்னொருவன் மறுப்பான். ரீச்சர் நடுவில் புகுந்து வரிசை போட்டுக் கொடுக்காமல், சீலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அலை அடித்துக்கொண்டிருந்தால் போதும்.

கடைசியில் காட்டுப் பக்கம் ஒரே ஒரு பிள்ளைதான் மிஞ்சி நிற்கும். அது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தானாக நின்றதா, தள்ளிவிடப்பட்டு நிற்கிறதா என்பதையும். வாத்து சீலையின் நடுவில் திரும்பி வந்துகொண்டிருக்கும். வீட்டுப் பக்கம் ஒன்பது பேர் வரிசையாக நின்று, வாத்தை விரைவாக வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.